புல் வெட்டும் மெஷினில் பயணம் செய்யும் விதைகள்

விதைகள் எப்படிப் பரவுகின்றன என்று கேட்டால் நம் பிள்ளைகள் தயங்காமல் நான்கு பதில் சொல்வார்கள்: காற்று, நீர், விலங்கும் மனிதரும், வெடித்தல். காற்றுக்கு லாலாங், நீருக்குத் தேங்காய், விலங்குக்குக் கெமுஞ்சுப், வெடித்தலுக்கு ரப்பர் காய். பேராக்கில் படிக்கும் பிள்ளைக்கு இந்த நான்கையும் படத்தில் காட்ட வேண்டியதில்லை. பள்ளி வேலிக்கு வெளியே போனாலே பார்த்துவிடலாம்.

ஆனால் மூன்றாவது பதிலில் 'மனிதர்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை நாம் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகிறோம். மனிதர் என்றால் கால்சட்டையில் ஒட்டிய கெமுஞ்சுப் மட்டும்தானா? மனிதர் ஓட்டும் லோரி, மனிதர் தள்ளும் புல்வெட்டி, மனிதர் தோளில் மாட்டும் மெஷின் எல்லாமே இந்தப் பிரிவில்தான் சேரும். இன்றைக்கு ஈப்போவைச் சுற்றியுள்ள பள்ளித் திடல்களிலும், தாமான் விளையாட்டு மைதானங்களிலும், கோவில் வளாகங்களிலும் களை பரவுவதற்கு இந்த மெஷின்கள் ஒரு முக்கியமான வழி. இதைத் தடுக்கப் பெரிய செலவு தேவையில்லை. ஒரு தூரிகை, ஒரு மரச்சீவி, கால் மணி நேரம் போதும். அது எப்படி, ஏன் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

மெஷின் எப்படி விதை சுமக்கிறது?

நம் திடல்களில் இரண்டு வகை மெஷின்களை அதிகம் பார்க்கிறோம். ஒன்று, தோளில் மாட்டி நைலான் கயிற்றாலோ தகட்டாலோ வெட்டுவது. இன்னொன்று, சக்கரம் வைத்துத் தள்ளுவது அல்லது ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. இரண்டிலும் வெட்டும் பகுதி அதிவேகமாகச் சுழல்கிறது. வெட்டுப்பட்ட புல்லில் சாறு இருக்கும்; அது பசை மாதிரி. காலையில் பனி ஈரமும் சேர்ந்துகொண்டால் புல்தூள், மண், விதை மூன்றும் குழைந்து மெஷினின் அடித்தட்டில் அப்பிக்கொள்ளும். வெயில் பட்டதும் அது காய்ந்து அடை போல் ஆகிவிடும். அடுத்த திடலில் மெஷினை முடுக்கியதும் அதிர்வில் அந்த அடை உடைந்து விழும். விதை இறங்கிவிட்டது! யாரும் பார்க்கவில்லை.

விதை தங்கும் இடங்களைப் பட்டியல் போட்டால்: அடித்தட்டின் உட்புறம், தகட்டின் நடு ஆணியைச் சுற்றிய இடம், புல் சேரும் பை, சக்கரத்தின் பள்ளங்கள், அச்சு, இயந்திரம் சூடாகாமல் காற்று போகும் இடுக்குகள், நைலான் கயிறு சுற்றிய உருளை, வேலையாளின் பூட்ஸ் அடி, காலுறை, கால்சட்டை மடிப்பு, கடைசியாக மெஷினை ஏற்றும் லோரியின் தட்டு. இந்தக் கடைசி இடத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

விதை மட்டும் பயணம் செய்வதில்லை. சில களைகள் தண்டுத் துண்டிலிருந்தே முளைக்கும். மிக்கானியா கொடி அப்படிப்பட்டது. அதன் கணு ஒவ்வொன்றும் வேர்விடும். மெஷின் அதைப் பத்துத் துண்டாக வெட்டினால் பத்துச் செடிக்கு வழி பிறக்கிறது. ஒரு துண்டு உருளையில் சுற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனால் அங்கேயும் வேர்விடும். வெள்ளைப் பூப்பூக்கும் அஸிஸ்தாசியாவும் கணுவில் வேர்விடுவதுதான். அதன் காய் ரப்பர் காயைப் போலவே வெடிக்கவும் செய்யும். செம்பனைத் தோட்டங்களில் இன்று பெரிய தொல்லையாக இருக்கும் ஆப்பிரிக்கச் செடி அது.

"சார், காத்துலயும் பறவையாலயும் எப்படியும் விதை வரத்தானே போகுது? மெஷினை மட்டும் கழுவி என்ன ஆகப் போகுது?" என்று ஒரு மாணவர் கேட்கலாம். நல்ல கேள்விதான். லாலாங் விதைக்குப் பஞ்சு உண்டு. அது பறந்து வரும், மெஷினைக் கழுவி அதைத் தடுக்க முடியாது. ஆனால் தொட்டாச்சிணுங்கிக்கும் திப்பராகிப் புல்லுக்கும் இறக்கையும் இல்லை, பஞ்சும் இல்லை. அவை தாய்ச்செடிக்குப் பக்கத்திலேயே விழும் வகை. பத்து மைல் தள்ளியிருக்கும் திடலுக்குப் போக வேண்டுமென்றால் யாராவது தூக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வேலையைத்தான் மெஷின் செய்கிறது. ஆகவே எந்தக் களை எந்த வழியில் பரவும் என்று பிரித்துப் பார்த்தால், சுத்தம் எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதும் தெளிவாகிவிடும்.

பேராக் மண்ணின் பழைய கணக்கு

பேராக்கும் ரப்பரும் ஒட்டிப் பிறந்தவை. 1877இல் சிங்கப்பூரிலிருந்து வந்த 9 ரப்பர் கன்றுகள் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அவற்றில் ஒன்று என்று சொல்லப்படும் முதிய மரம் இன்றும் அங்கே நிற்கிறது. பிறகு சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் என்று தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களில் தமிழர் செய்த வேலை பால்மரம் வெட்டுவது மட்டுமல்ல. புல் வெட்டுவதும் களை எடுப்பதும் பெரிய வேலையாக இருந்தது.

1900களின் தொடக்கத்தில் தோட்டத் துரைமார்கள் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்று நினைத்தார்கள். தரையை வழித்து எடுத்த மாதிரி சுத்தமாக வைப்பதே நல்ல நிர்வாகம் என்று பெயர். ஆண்களும் பெண்களும் வரிசை வரிசையாக நின்று மண்வெட்டியால் செதுக்கினார்கள். விளைவு என்ன? மூடாக்கு இல்லாத சரிவு நிலத்தில் மழை அடித்து மேல்மண் ஆற்றுக்குப் போனது. பிறகுதான் தரையை மூடிவைக்க வேண்டும் என்ற புத்தி வந்தது. புவேராரியா, சென்ட்ரோசீமா, கலப்பகோனியம் போன்ற அவரைக் குடும்பத்துக் கொடிகளை மூடுபயிராக வளர்த்தார்கள். இவை மண்ணைக் காப்பதோடு காற்றிலுள்ள நைட்ரஜனையும் மண்ணில் சேர்க்கும்.

மிக்கானியாவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து, இப்படித் தரைமூடும் கொடியாகவே இந்தப் பகுதியில் முயன்று பார்க்கப்பட்ட ஒன்று. அது அவரைக் குடும்பம் அல்ல. மண்ணுக்கு நைட்ரஜனும் தராது. வேகமாகப் படர்ந்து இளம் ரப்பர் மரத்தையே போர்த்தி மூடியது. உதவிக்கு அழைத்தவர் வீட்டையே பிடித்துக்கொண்ட கதைதான்.

இதிலிருந்து நமக்கு ஒரு விஷயம் புரிய வேண்டும். பழைய தோட்டத்து மண் வெறும் மண்ணல்ல. பல ஆண்டுகளாக விழுந்த விதைகள் அதில் உறங்கிக்கொண்டிருக்கின்றன. இதை விதை வங்கி என்று சொல்வார்கள். தொட்டாச்சிணுங்கியின் விதைக்குக் கெட்டியான தோல் உண்டு. பல ஆண்டுகள் மண்ணுக்குள் இருந்துவிட்டுக்கூட அது முளைக்கும். ரப்பரை வெட்டித் தாமான் ஆக்கினாலும், செம்பனை நட்டாலும் அந்த வங்கி காலியாகிவிடாது. பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்துக்குள் பிறந்தவை. இன்னும் சில தோட்டத்தின் ஓரத்திலேயே இருக்கின்றன. அந்தப் பள்ளியின் திடலை வெட்டிய அதே மெஷின் மதியத்தில் ஈப்போ நகரத்துப் புல்வெளிக்குப் போகிறது. தோட்டத்து வங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து நகரத்தில் போட்டுவிட்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

தெலுக் இந்தானில் கிடைத்த பாடம்

திப்பராகிப் புல்லை மலாயில் சம்பாவ் என்பார்கள். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. கதிரைப் பார்த்தாலே விரல் விரித்த மாதிரி இருக்கும். கால் பட்டு இறுகிய மண்ணில்தான் இது நன்றாக வளரும். அதனால்தான் கோல் கம்பத்துக்கு முன்னாலும், சபைகூடும் இடத்து ஓரத்திலும், நடைபாதை விளிம்பிலும் இது முளைக்கிறது. ஒரு செடி பல ஆயிரம் விதைகளைத் தரும்.

இந்தப் புல்லுக்கு உலக அளவில் பேசப்படும் ஒரு பேராக் கதை உண்டு. 1990களின் பிற்பகுதியில் தெலுக் இந்தானில் ஒரு பழத்தோட்டத்தில் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்குப் பல முறை அடித்துவந்தார்கள். திப்பராகி சாகவில்லை. சோதித்துப் பார்த்தபோது அந்த மருந்தைத் தாங்கும் ஆற்றல் அந்தப் புல்லுக்கு வந்துவிட்டது தெரிந்தது. திப்பராகியில் இப்படிப்பட்ட எதிர்ப்பு உலகிலேயே முதன்முதலில் கண்டறியப்பட்டது அங்கேதான். 2000ஆம் ஆண்டில் அது அறிவியல் இதழில் வெளிவந்தது.

எதிர்ப்பு எப்படி வருகிறது? மருந்து புல்லை 'பழக்கிவிடுவதில்லை'. ஆயிரக்கணக்கான செடிகளில் இயற்கையாகவே ஓரிரண்டு செடிகளுக்கு அந்த மருந்தைத் தாங்கும் மரபுப் பண்பு இருக்கக்கூடும். மருந்தடித்ததும் மற்றவை சாகும். அந்த ஓரிரண்டு பிழைத்து விதை போடும். மறுபடி அதே மருந்து; மறுபடி அவையே பிழைக்கும். சில ஆண்டுகளில் நிலம் முழுவதும் அவற்றின் பிள்ளைகளாகிவிடும். இது இயற்கைத் தேர்வு. படிவம் ஐந்து உயிரியல் மாணவர்கள் இந்த உதாரணத்தைத் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டு உதாரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இப்போது மெஷினுக்கு வருவோம். சாதாரண விதை ஒன்று அடுத்த திடலுக்குப் போனால் ஒரு களை கூடுகிறது. எதிர்ப்பு பெற்ற விதை ஒன்று போனால், அந்தத் திடலில் மருந்தே பயனற்றுப் போகிறது. ஒருவர் பல ஆண்டுகள் தவறாக மருந்தடித்ததால் வந்த தொல்லையை, மருந்தே தொடாத இன்னொருவர் அனுபவிக்க வேண்டியதாகிறது.

பார்த்தீனியம்: பார்த்ததும் சொல்ல வேண்டிய செடி

தமிழ்நாட்டில் பார்த்தீனியத்தைத் தெரியாத விவசாயி இருக்க மாட்டார். அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதியைச் சேர்ந்த இந்தச் செடி 1955இல் புனேயில் கவனிக்கப்பட்டது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். பிறகு இந்தியா முழுக்கப் பரவிவிட்டது. இலங்கையில் 1999இல் வவுனியாவில் பதிவானது. யாழ்ப்பாணத்து விளைநிலங்களிலும் தொல்லையானது. மலேசியாவில் 2013இல் சிலாங்கூரின் பத்தாங் காலி பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது; பிறகு வேறு மாநிலங்களிலும் தென்பட்டது. மலாயில் இதற்கு 'ரும்பாய் மியாங் மெக்சிகோ' என்று பெயர்.

ஒரு செடி 15,000 முதல் 25,000 விதைகள் வரை தரும். முளைத்து ஒரு மாதம் சொச்சத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். தொட்டால் சிலருக்குத் தோல் தடித்துச் சொறி வரும். மகரந்தம் பட்டால் தும்மலும் மூச்சுத்திணறலும் வரும். ஆடுமாடு தின்றால் பால் கசக்கும். விளையாட்டுத் திடலில் இது இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்துமா உள்ள பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறதே!

அடையாளம்: கேரட் இலை மாதிரி ஆழமாகப் பிளவுபட்ட இலை, நுனியில் கிளைவிட்டு, மிளகளவு வெள்ளைப் பூக்கள், தண்டில் நீளவாட்டில் வரிகள். சந்தேகம் வந்தால் மெஷினை அதன்மேல் ஓட்டவே கூடாது. படம் எடுத்து விவசாய இலாகாவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பார்த்தீனியம் பல்லாண்டுகளாகப் பெரிய பிரச்சினை. அங்கே வண்டிகளையும் பண்ணை இயந்திரங்களையும் கழுவுவதற்கென்றே பொது இடங்கள் அமைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட கழுவுமிடங்களில் தேங்கிய சேற்றை ஆராய்ந்தபோது, பல வகைச் செடிகளின் முளைக்கக்கூடிய விதைகள் அதில் இருந்தன. வண்டி விதை சுமக்கிறது என்பது வெறும் ஊகமல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

மருந்தடித்தால் முடிந்துவிடாதா?

"களை வந்தா மருந்தடிச்சிட்டாப் போச்சு" என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மருந்தடிப்பது யார் என்று நம் சமூகத்துக்குத் தெரியும். தோட்டங்களில் முதுகில் தோம்பு மாட்டி மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் நம் அம்மாக்கள், பாட்டிகள், சின்னம்மாக்கள். 2002இல் ஐரின் பெர்னாண்டஸ் தலைமையிலான தெனாகானித்தா அமைப்பு, ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கை வலையமைப்போடு சேர்ந்து தோட்டத்து மருந்தடிப்போர் நிலையை ஆய்வு செய்து வெளியிட்டது. தோல் எரிச்சல், நகம் கெடுதல், மூக்கில் இரத்தம், கண் பாதிப்பு போன்ற தொல்லைகளைப் பெண்கள் அதில் எடுத்துச் சொன்னார்கள்.

பாராகுவாட் மருந்துக்கு அதே 2002இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை நடப்புக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அதை முதுகில் சுமந்தவர்கள் சுமந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆகவே ஒரு திடலில் களை கூடினால், யாரோ ஒருவர் அங்கே கூடுதலாக ஒரு முறை மருந்தடிக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் புல்லில் உருள வேண்டும். மெஷினைத் துடைப்பது அற்ப வேலை மாதிரி தெரியலாம். ஆனால் அந்த ஒரு தோம்பு மருந்தைக் குறைக்கும் வேலை அது.

சுத்தம் செய்யும் முறை

முதலில் மூன்று விதிகள்.

1. எந்த இடத்தில் வெட்டினோமோ அந்த இடத்திலேயே சுத்தம் செய்துவிட்டுத்தான் லோரியில் ஏற்ற வேண்டும். அங்கே விழும் விதை அங்கேயே இருந்தது, புதிதாகக் கேடில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய்க் கழுவினால் வழியெல்லாம் விதைத்துக்கொண்டு போகிறோம் என்று அர்த்தம்.

2. சுத்தமான இடத்தை முதலில் வெட்ட வேண்டும். களை அதிகமான இடத்தைக் கடைசியில். ஒரே பள்ளிக்குள்ளும் இப்படித்தான். நடுத்திடல் முதலில், வேலி ஓரம் கடைசியில்.

3. களை பூத்துக் காய்ப்பதற்கு முன்பே வெட்ட வேண்டும். விதையே இல்லாவிட்டால் மெஷின் எதைச் சுமக்கும்? மழை நாளில் ஈரப் புல்லை வெட்டினால் இரண்டு மடங்கு ஒட்டும். கூடுமானவரை காய்ந்த பிறகு வெட்டலாம்.

இனி வேலை முறை.

முதல் படி: இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட வேண்டும். பிளக் வயரைக் கழற்ற வேண்டும். தகட்டைக் கையால் திருப்பும்போது இயந்திரம் முடுக்கிக்கொண்டால் விரல் போய்விடும். இந்தப் படியைத் தாண்டி எதையும் செய்யக் கூடாது. மாணவர்கள் மெஷினைத் தொடவே கூடாது.

இரண்டாம் படி: தரையில் ஒரு கித்தான் துணியை விரித்து அதன்மேல் மெஷினை வைக்க வேண்டும். தள்ளும் மெஷினைச் சாய்ப்பதாக இருந்தால் காற்று வடிகட்டி மேல்பக்கம் வரும்படி சாய்க்க வேண்டும்; இல்லாவிட்டால் எண்ணெய் வடிகட்டிக்குள் இறங்கிவிடும்.

மூன்றாம் படி: உலர்ந்த முறையில் சுத்தம் செய்ய வேண்டும். மரச்சீவியால் அடித்தட்டைச் சுரண்டி, கெட்டித் தூரிகையால் தேய்த்து, இடுக்குகளைக் காற்று ஊதும் கருவியால் ஊத வேண்டும். முதலிலேயே தண்ணீர் அடித்தால் விதை சேறாகி இடுக்குக்குள் இன்னும் இறுகும். ஊதும்போது கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம்.

நான்காம் படி: நைலான் உருளையைக் கழற்றி, சுற்றிக்கொண்ட கொடிகளை அறுத்து எடுக்க வேண்டும். புல் சேரும் பையை உள்வெளியாகத் திருப்பி உதற வேண்டும்.

ஐந்தாம் படி: சக்கரம், பூட்ஸ் அடி, காலுறை, கால்சட்டை மடிப்பு, லோரித் தட்டு.

ஆறாம் படி: கித்தானில் சேர்ந்ததைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கொட்டி இறுக்கிக் கட்டிக் குப்பைக்குக் கொடுக்க வேண்டும். பள்ளியின் உரக்குழியில் போடக் கூடாது. அந்தக் குழி விதையைக் கொல்லும் அளவுக்குச் சூடாகும் என்று நம்ப முடியாது. கால்வாயில் தள்ளவே கூடாது. தள்ளினால் 'நீர் வழிப் பரவல்' என்ற பாடத்தை நாமே நடத்தியதாகிவிடும்.

ஏழாம் படி: அப்புறமும் மண் ஒட்டியிருந்தால் மட்டும் தண்ணீர். அதையும் அதே திடலில், கால்வாய்க்குத் தள்ளிப் புல் தரையில் கழுவ வேண்டும். பிறகு துடைத்துக் காயவைத்து, தகட்டில் கொஞ்சம் எண்ணெய் தடவினால் துருவும் பிடிக்காது.

சுத்தமான மெஷினால் திடலில் ஏற்கெனவே இருக்கும் களை போய்விடாது. அதற்குப் புல்லின் ஆரோக்கியம் வேண்டும். நம் திடல்களில் பெரும்பாலும் இருப்பது அகன்ற இலையுள்ள மாட்டுப்புல். அதை ஒட்ட மொட்டையடித்தால் மண் தெரியும். வெளிச்சம் பட்டதும் திப்பராகி முளைக்கும். 4 அல்லது 5 சென்டிமீட்டர் உயரம் விட்டு வெட்டினால் புல்லின் நிழலே பாதிக் காவல்.

"இதுக்கெல்லாம் நேரம் ஏது டீச்சர்?"

இந்தக் கேள்வியை மெஷின்காரர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. அவருக்கு ஒரு திடலுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. ஒரு நாளில் ஐந்து இடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்குக் கால் மணி நேரம் என்றாலும் மொத்தம் 75 நிமிடம். அது ஒரு சிறிய திடலுக்கான நேரம். அந்தக் கூலி அவருக்குப் போய்விடும். அவரைக் குறை சொல்லி ஒரு பயனும் இல்லை. கூலி கொடுப்பவர்கள் சுத்தம் செய்யும் நேரத்தையும் வேலையாகக் கணக்கிட வேண்டும்.

பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் செய்யக்கூடியது: வேலை ஒப்பந்தத்தில் 'வருமுன்னும் போகுமுன்னும் இயந்திரம் சுத்தம் செய்யப்பட வேண்டும், அதற்கான நேரம் கூலியில் சேரும்' என்று ஒரு வரி எழுதுவது. தூரிகை, சீவி, கித்தான் மூன்றையும் பள்ளியே வாங்கி வைத்துக்கொள்வது. மெஷின்காரரிடம் பேசும் முறையும் முக்கியம். "அண்ணே, ஏத்துறதுக்கு முன்னாடி அடித்தட்டைக் கொஞ்சம் சுரண்டிடுங்க. சாமான் எல்லாம் இங்கேயே இருக்கு. நேரத்தைச் சேர்த்தே கணக்குப் போட்டிருக்கோம்" என்று சொன்னால் யார் மறுப்பார்? "ஏன்யா கழுவல?" என்று கேட்டால் காரியம் கெட்டுவிடும். கோத்தோங் ரோயோங் நாளில் பெற்றோர் தத்தம் வீட்டு மெஷினைக் கொண்டுவருவார்கள்; அன்றைக்கு வாசலிலேயே ஒரு சுத்தம் செய்யும் இடம் போட்டுவிடலாம்.

சுத்தமான அடித்தட்டில் புல் சிக்காது, இயந்திரம் குறைவாகச் சூடாகும், எண்ணெயும் மிச்சமாகும். இது மெஷின்காரருக்கும் இலாபம் என்பதை எடுத்துச் சொல்லலாம்.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதை மூன்று வாரத்தில் செய்து பார்க்கலாம். பெரியவர் ஒருவர் மெஷினிலிருந்து சுரண்டிய தூளை ஒரு பையில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு தட்டுகளில் மண் எடுத்து, கொதிநீர் ஊற்றி, மண்ணிலிருக்கும் விதைகளைக் கொன்று ஆறவிடுங்கள். 'அ' தட்டில் தூளைப் பரப்புங்கள். 'ஆ' தட்டில் எதுவும் வேண்டாம். இரண்டையும் ஒரே வெயிலில் வைத்து ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். நாள்தோறும் முளைத்த செடிகளை எண்ணி அட்டவணையில் குறிக்கச் சொல்லுங்கள்.

தற்சார்பு மாறி எது, சார்பு மாறி எது, கட்டுப்படுத்தப்பட்ட மாறி எது என்று பிள்ளைகளே சொல்வார்கள். தூள் உள்ள தட்டில் மட்டும் செடி முளைத்தால், அந்த விதை மெஷினிலிருந்துதான் வந்தது என்று முடிவுக்கு வரலாம். இரண்டிலும் முளைத்தால்? மண் சரியாகக் கொதிக்கவில்லை. மறுபடி செய்ய வேண்டும். கையுறை அவசியம். செடிகள் பூப்பதற்கு முன் பிடுங்கிப் பையில் கட்டிவிடுங்கள்.

கணிதத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு மெஷின் முதல் திடலில் 200 விதைகளை ஏற்றிக்கொண்டு, அடுத்த 4 திடல்களில் சமமாக இறக்குகிறது. பத்தில் ஒன்று முளைக்கிறது. ஒவ்வொரு செடியும் 1,000 விதை போடுகிறது. ஒரு திடலில் எத்தனை புதிய விதைகள்? விடை 5,000. கால் மணி நேரச் சுத்தத்தின் மதிப்பு இந்த எண்ணில் இருக்கிறது.

தேர்வு மாணவர்களுக்கு

கருத்து விளக்கக் கட்டுரைக்கு இதை எடுத்துக்கொண்டால் கருத்துகளை இந்த வரிசையில் அமைக்கலாம்: (1) களை பரவும் வழிகள், (2) இயந்திரத்தின் பங்கு, (3) அதனால் மனிதருக்கும் நிலத்துக்கும் வரும் கேடு, (4) தடுக்கும் முறை, (5) யார் யாருக்கு என்ன பொறுப்பு. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு பேராக் உதாரணம் கொடுங்கள்: தெலுக் இந்தான் திப்பராகி, தோட்டத்து மிக்கானியா, தோட்டத்து மருந்தடிப்போர். பொதுவாக 'பல பாதிப்புகள் உண்டு' என்று எழுதுவதைவிட ஓர் ஊரின் பெயரும் ஓர் ஆண்டும் இருந்தால் கருத்து நிற்கும். முள்மரத்தைச் சிறிதாக இருக்கும்போதே களைய வேண்டும் என்ற பொருளில் அமைந்த 879ஆம் குறளைப் பொருத்தமான இடத்தில் எடுத்தாளலாம். 'வருமுன் காப்பது' என்ற தொடரும் கைகொடுக்கும்.

சொல்வளம்: விதைப் பரவல், விதை வங்கி, மூடுபயிர், அயல் இனம், களைக்கொல்லி எதிர்ப்பு, இயற்கைத் தேர்வு, அடித்தட்டு.

சிந்தனை வினாக்கள்:

1. லாலாங்கையும் தொட்டாச்சிணுங்கியையும் ஒப்பிடுக. மெஷினைச் சுத்தம் செய்வது எதற்கு அதிகப் பயன் தரும்? ஏன்?

2. ஒரே களைக்கொல்லியைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் வரும் விளைவை இயற்கைத் தேர்வின் அடிப்படையில் விளக்குக.

3. இயந்திரத்தைக் கால்வாய் ஓரத்தில் கழுவக் கூடாது. காரணம் கூறுக.

4. சுத்தம் செய்யும் நேரத்துக்கான கூலியை யார் ஏற்க வேண்டும்? உங்கள் கருத்தைக் காரணத்தோடு எழுதுக.

நான்காவது வினாவுக்கு ஒரே சரியான விடை கிடையாது. வகுப்பில் இரண்டு அணியாகப் பிரிந்து வாதாடட்டும். மெஷின்காரரின் பிள்ளை அந்த வகுப்பிலேயே இருக்கலாம். அந்தப் பிள்ளை சொல்லும் பதிலை எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டும்.